புறாவின் பெயரில் ஓர் எஃகுக் குழாய்

பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிளைத் தேடி அலைபவர்கள், சைக்கிளைக் கண்டதும் முதலில் குனிந்து பார்ப்பது சீட்டுக்குக் கீழே நிற்கும் குழாயைத்தான். அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர், அதில் ஒரு புறா, பக்கத்தில் 'கொலம்பஸ்' என்ற பெயர். அது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. கொல்நாகோ, சினெல்லி, தெ ரோசா, மாசி என்று வண்டியின் மேல் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், உள்ளே இருக்கும் எஃகு யாருடையது என்று கேட்பது இவர்கள் வழக்கம். அமெரிக்காவுக்குக் கப்பல் ஓட்டியவர் பெயர் மிலான் நகரத்துக் குழாயின் மேல் எப்படி ஏறியது? ஏறியதுதான் ஏறியது, கப்பல் வராமல் புறா ஏன் வந்தது?

விடை லத்தீனில் இருக்கிறது. 'கொலும்பா' என்றால் பெண்புறா, 'கொலும்புஸ்' என்றால் ஆண்புறா. இத்தாலிய மொழியில் அவை 'கொலொம்பா', 'கொலொம்போ' என்று ஆயின. கிறிஸ்தவர்களுக்குப் புறா தூய ஆவியின் அடையாளம். ஆகவே அது ஆட்பெயராகவும், பிறகு குடும்பப் பெயராகவும் நிலைத்தது. ஜெனோவாவில் பிறந்த அந்தக் கடலோடிக்கு இத்தாலியர் வைத்திருக்கும் பெயர் கிறிஸ்தோஃபொரோ கொலொம்போ. அதைப் படித்தவர்கள் லத்தீனாக்கி எழுதியபோது கொலும்புஸ் ஆனார். ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தபோது கொலம்பஸ் ஆனார்.

கொலொம்போ என்றதும் தமிழ்க் காதுக்குக் கொழும்பு நினைவு வரும். அந்த ஊர்ப்பெயருக்கும் இந்தப் புறாவுக்கும் உறவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த பயணி இபின் பதூதா அந்தத் துறைமுகத்தைக் 'கலன்பு' என்று குறித்துவிட்டார். கொலம்பஸ் பிறந்தது 1451-இல், போர்ச்சுக்கீசியர் இலங்கையில் இறங்கியது 1505-இல். உள்ளூர்ப் பெயர் முன்பே இருந்தது. வந்தவர்கள் அதைத் தங்கள் வாய்க்குப் பழகிய ஒலியில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சைக்கிள் உலகில் இதே புறாவின் வழிவந்த இன்னொரு பெயரும் உண்டு. அமெரிக்காவில் கர்னல் ஆல்பர்ட் போப் 1878-இல் தயாரிக்கத் தொடங்கிய சைக்கிளின் பெயர் 'கொலம்பியா'. கடலோடியின் பெயரிலிருந்து அமெரிக்காவுக்கு உருவான செல்லப்பெயர் அது. மிலானின் கொலம்பஸ் அந்த வழியில் வரவில்லை. அது ஒரு மருத்துவமனை வாசல் வழியாக வந்த பெயர்.

மிலானின் பெரிய மருத்துவமனையை 1456-இல் நிறுவியவர் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா. ஊர்க்காரர்கள் அதைக் 'கா கிராந்தா', பெரிய வீடு, என்றார்கள். அதன் சின்னம் புறா. பெற்றோர் கைவிட்ட குழந்தைகளை ஏற்று வளர்க்கும் பொறுப்பும் அதற்கு இருந்தது. அந்தக் காலத்து இத்தாலியில் இத்தகைய இல்லங்களின் சுவரில் ஒரு சுழல்பெட்டி பொருத்தியிருப்பார்கள். தெருவில் நின்று குழந்தையை வைத்துச் சுழற்றினால், முகம் காட்டாமலே பிள்ளை உள்ளே போய்விடும். அந்தப் பெட்டிக்குப் பெயர் 'ரூவோதா', அதாவது சக்கரம். உள்ளே வந்த குழந்தைக்குக் குலமும் தெரியாது, குடும்பமும் தெரியாது. பதிவேட்டில் ஏதாவது எழுதியாக வேண்டுமே. மிலானில் சின்னத்தைப் பார்த்துக் 'கொலொம்போ' என்று எழுதினார்கள். ஒரே பெயரில் பிள்ளைகள் பெருகி, பெயரே பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் நிலை வந்தது. 1825-இல் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். ஆனாலும் மிலானிலும் சுற்றுப்புறத்து ஊர்களிலும் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்றாகக் கொலொம்போ இன்றும் இருக்கிறது.

வேறு சில ஊர்களிலும் இப்படி ஒரு பெயர் உண்டு. நேப்பிள்ஸில் 'எஸ்பொசிதோ', வெளியே விடப்பட்டவர். புளோரன்ஸில் 'இன்னொசென்தி', மாசற்றவர். இந்த இரண்டாவது பெயரைக் கொண்ட ஃபெர்தினாந்தோ இன்னொசென்தி என்பவரும் மிலானில் எஃகுக் குழாய்த் தொழில்தான் செய்தார். கட்டடச் சாரத்துக்கான குழாயை இத்தாலியர் இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். 1947-இல் அவர் ஆலையிலிருந்து வந்த ஸ்கூட்டர்தான் நம் ஊர்த் தெருக்களிலும் ஓடிய லாம்பிரெட்டா. இந்த இன்னொசென்தியின் முன்னோரும், நம் குழாய்க்காரர் கொலொம்போவின் முன்னோரும் யார் என்பது வேறு சங்கதி. பெயர்கள் மட்டும் அனாதை இல்லத்துப் பதிவேட்டை நினைவூட்டுகின்றன.

அந்தக் குழாய்க்காரர் ஆஞ்செலோ லுயிஜி கொலொம்போ 1919-இல் மிலானில் எஃகுக் குழாய்த் தொழில் தொடங்கினார். பியாங்கி சைக்கிளுக்கும், மோட்டோ குஸி மோட்டார் சைக்கிளுக்கும், கப்ரோனி விமானத்துக்கும் அவர் குழாய் போயிற்று. 1930-களில் வளைத்த எஃகுக் குழாயில் நாற்காலி, மேசை செய்வது ஐரோப்பாவில் நாகரிகமானபோது அதிலும் இறங்கினார். தம் குடும்பப் பெயரின் லத்தீன் வடிவமே அவரது சரக்கின் பெயர் ஆயிற்று. ஆக, ஸ்டிக்கரில் இருப்பது கடலோடியின் கையெழுத்து அன்று, முதலாளியின் கையெழுத்து. பக்கத்தில் நிற்கும் புறா அதன் பொருளுரை.

சைக்கிள்காரர்கள் இந்தப் பெயரைக் கொண்டாடியதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. நல்ல ரேஸ் குழாயின் வெளி விட்டம் நெடுகிலும் ஒன்றுதான், உள்ளே சுவரின் கனம் மாறும். பற்றவைப்புச் சூடு விழும் முனைகளில் தடிப்பு, நடுவில் மெலிவு. குரோமியம்-மாலிப்டினம் எஃகில் செய்த கொலம்பஸ் எஸ்.எல். குழாயில் முனை 0.9 மில்லிமீட்டர், நடு 0.6 மில்லிமீட்டர். எஸ்.எல். என்பது 'மிக இலேசு' என்பதற்கான இத்தாலியச் சொற்களின் சுருக்கம். பாரமான ஆளுக்கும் கரடுமுரடான சாலைக்கும் எஸ்.பி. என்ற தடித்த வகை இருந்தது. சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்த கொல்நாகோ சைக்கிளும் கொலம்பஸ் குழாயில் ஆனதுதான். முழு வண்டியின் எடை ஆறு கிலோவுக்கும் குறைவு.

புகழ் வந்தால் போலியும் வரும். புறா ஸ்டிக்கர் தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது. பெயிண்ட் அடித்துப் புதுப்பிக்கிறவர் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஸ்டிக்கரோடு நிற்பதில்லை. சீட் போஸ்ட்டை உருவி அதன் விட்டத்தை அளப்பார்கள். சீட் குழாயின் வெளி விட்டம் 28.6, மேல்முனையில் சுவர் இருபுறமும் 0.6, மிஞ்சுவது 27.4. போஸ்ட் வழுக்கி இறங்கக் கொஞ்சம் இடம் விட்டால் 27.2 மில்லிமீட்டர். அந்த அளவு போஸ்ட் இறங்காத ஃபிரேமில் எஸ்.எல். என்று ஒட்டியிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். அடுத்து ஃபோர்க்கைக் கழற்றி, அதன் கழுத்துக் குழாயின் அடிப்பகுதிக்குள் டார்ச் அடிப்பார்கள். உள்சுவரில் திருகு திருகாக ஐந்து வரப்புகள் ஓடினால் அது கொலம்பஸ். 1980-களில் வந்த எஸ்.எல்.எக்ஸ். வகையில், பெடல் அச்சு இருக்கும் இடத்தில் கூடும் குழாய்களின் முனைகளிலும் அதே வரப்புகளைக் காணலாம்.

புறா இருந்தாலே உச்சரகம் என்பதும் இல்லை. இடைப்பட்ட விலை வண்டிகளுக்குக் கொலம்பஸே 'ஆஎல்லே' என்றொரு குழாய் விற்றது. ஏ, எல் என்ற எழுத்துகளை இத்தாலியர் உச்சரித்தால் 'ஆ, எல்லே' என்றுதான் வரும். ஆஞ்செலோ லுயிஜியின் தலைப்பெழுத்துகளும் அவையே. முதலாளியின் முழு அடையாளமும் இருக்கும் அந்தக் குழாய், எஸ்.எல்.லுக்குப் பல படி கீழே.

கொலம்பஸுக்குப் போட்டி இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ். பர்மிங்ஹாமில் செய்த அந்தக் குழாயின் 531 என்ற எண்ணுக்கும் இதே அளவு பித்தர்கள் உண்டு. ரெனால்ட்ஸை 1928-இல் தன்னோடு சேர்த்துக்கொண்ட நிறுவனம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். அதே நிறுவனத்தோடு முருகப்பா குழுமம் கைகோத்து 1949-இல் தொடங்கியதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். 1980-இல் டூர் த பிரான்ஸ் வென்ற யோப் சூட்டமெல்கின் அணிப்பெயரான 'டி.ஐ.-ராலே'யில் இருப்பதும், நம் வீட்டு ஹெர்குலிஸ் சைக்கிள் வந்த ஆலையின் பெயரில் இருப்பதும் ஒரே 'டி.ஐ.' தான்.

குழாய்ப் பெயர் சொல்வது எஃகு எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே. அதை அளந்து வெட்டி, குழாய்கள் கூடும் இடத்து உறையான 'லக்'கில் செருகி, சூட்டை அறிந்து பற்றவைத்த கை யாருடையது என்று அது சொல்லாது. ஒரே எஸ்.எல். குழாயில் அருமையான வண்டியும் செய்தார்கள், அரைகுறை வண்டியும் செய்தார்கள். ஆகவே பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் சீட் போஸ்ட்டை உருவிப் பாருங்கள், ஃபோர்க்குக்குள் வெளிச்சம் அடியுங்கள், லக் ஓரங்களில் பற்றவைப்பு இடைவெளி இல்லாமல் ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்து, ஃபிரேமின் அளவும் உங்கள் உடம்புக்குப் பொருந்தினால், ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தாலும் தயங்காமல் வாங்கலாம்.