தலைகீழ்க் கேள்விக்குறி: மின்னிதழ்த் தொடக்கக் காலத்தில் டெக் மென்பொருளின் இடம்

மின்னிதழ் வரலாற்றை எழுதுவோர் ஸ்டீவன் ஹார்னாட் 1994 ஜூனில் முன்வைத்த ‘கலகத் திட்ட’த்தைத் தொடாமல் போவதில்லை. ஊதியம் கருதாமல் எழுதும் ஆய்வாளர் ஒவ்வொருவரும் தம் கட்டுரையை எஃப்.டி.பி. கோப்பகம் ஒன்றில் எல்லோருக்கும் திறந்து வைத்தால் போதும், அச்சிலிருந்து மின்வடிவத்துக்கான மாற்றம் தானே நடந்துவிடும் என்பது அவர் வாதம். பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸில் தொடங்கிய இயற்பியல் காப்பகத்தை அவர் அதற்குச் சான்றாக்கினார். இயற்பியலாளர்கள் மனம் வைத்தார்கள், நடந்தது. மற்றவர்களும் மனம் வைக்கட்டும்.

இந்த வாசிப்பு காப்பகத்தின் அடித்தளத்தையே விட்டுவிடுகிறது. கோப்பைத் திறந்து வைப்பது எளிது. அது மறுமுனையில் சமன்பாடுகளோடு பக்கமாக விரிய வேண்டுமே! ஹார்னாட் நடத்திய ‘சைக்கோலோக்கி’ வெறும் ஆஸ்கி எழுத்தில் வந்த இதழ். உளவியல் விவாதத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த அனுபவமே கருவி பற்றிய கேள்வியை அவரிடமிருந்து மறைத்திருக்கக்கூடும்.

கருவியின் பங்குக்கு நல்ல தடயம் 1990களின் இயற்பியல் முன்பதிப்புகளிலேயே, அதாவது இதழில் வெளிவருமுன் சுற்றுக்கு விடப்பட்ட கட்டுரைகளிலேயே, கிடக்கிறது. சில பத்திகள் ‘¿ஃப்ரம்’ என்று, ஸ்பானிய மொழியின் தலைகீழ்க் கேள்விக்குறியோடு தொடங்குகின்றன. எழுதியவர் அதைப் போடவில்லை. யூனிக்ஸ் அஞ்சல் கோப்பில் ‘ஃப்ரம்’ என்று தொடங்கும் வரி அடுத்த கடிதத்தின் தலைப்பு எனக் கொள்ளப்படும்; குழப்பம் நேராதிருக்க அஞ்சல் மென்பொருள் அந்த வரியின் முன்னால் ‘>’ குறியைச் செருகிவிடும். டொனால்ட் க்னூத்தின் அச்சுக்கோப்பு மென்பொருளான டெக்கோடு வந்த எழுத்துருவில் ‘>’ இருக்கவேண்டிய 62ஆம் இடத்தில் ‘¿’ அமர்ந்திருந்தது. ஆகவே செருகிய குறி பக்கத்தில் கேள்விக்குறியாக அச்சாயிற்று.

இந்தப் பிழை சொல்வது நிறைய. கட்டுரை முடிந்த பக்கமாகப் பயணம் செய்யவில்லை. மூல உரையாக அஞ்சலில் போய், அதன் பிறகே டெக்கில் ஓடியிருக்கிறது. பக்கவடிவமாகப் போயிருந்தால் இந்தத் தழும்பு விழ வழியில்லை. ஆனால் அஞ்சல் காப்பகத்துக்குச் சென்றதா, இணையாசிரியர்களுக்கிடையே சென்றதா என்பதை இக்குறியை மட்டும் கொண்டு முடிவு செய்ய முடியாது.

மூல உரை அஞ்சலில் போக முடிந்ததற்குக் காரணம் டெக் கோப்பு முழுவதும் ஆஸ்கியாக இருந்ததுதான். மென்பொருளும் இலவசம், எந்தக் கணினியிலும் ஒரே விளைவு. படங்களைப் போஸ்ட்ஸ்கிரிப்டாக்கி, யூயூஎன்கோடு மூலம் ஆஸ்கியாக மாற்றிச் சேர்த்தார்கள். இதே காலத்தில், 1992இல், அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகமும் ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பும் தொடங்கிய மருத்துவ ஆய்விதழைப் படிக்க ‘கைடன்’ என்ற தனி மென்பொருள் வேண்டியிருந்தது. அடோபியின் அக்ரோபேட் 1993இல்தான் வந்தது. அதன் ரீடரும் முதலில் விலைக்குத்தான் கிடைத்தது. அப்போது மனம் வைத்த உயிரியலாளர் எந்த வடிவத்தில் கோப்பை வைத்திருப்பார்?

இயற்பியலில் முன்பதிப்புப் பழக்கம் முன்பே இருந்தது என்பது வலுவான மறுப்பு. ஸ்டான்ஃபோர்டின் ஸ்பையர்ஸ் தரவுத்தளம் 1974 முதல் அவற்றைப் பட்டியலிட்டது. ஆனால் 1960களில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனமும் உயிரியல் முன்பதிப்புகளைச் சுற்றுக்கு விட்டது. இதழ்களின் எதிர்ப்பால் 1967இல் நின்றது. பழக்கம் மட்டும் போதாது என்றே இது காட்டுகிறது. கருவி மட்டும் போதும் என்று இதிலிருந்து நிறுவ முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கருவியை மையமாக்கினால் தொடக்க ஆண்டும் நகர்கிறது. ஜோஆன் கோன் இழைக்கோட்பாட்டுக் கட்டுரைகளின் டெக் கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பி வந்தது 1991 ஆகஸ்டுக்கு முந்தைய செய்தி. மறுபக்கம், காப்பகக் கணினியே டெக்கை ஓட்டிப் போஸ்ட்ஸ்கிரிப்டாகத் தரத் தொடங்கியது 1995வாக்கில். அதுவரை அச்சுக்கோப்பவரின் வேலையில் ஒரு பங்கை வாசகரே செய்தார். இம்மூன்றில் எதை மின்னிதழின் பிறப்பாகக் கொள்வது என்பது இன்னும் தீராத வழக்கு.