குலுக்கை முதல் கடப்பா கல் வரை: நம் அடுக்களைச் சேமிப்பின் கதை



குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்கும்போது இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் காரணம், "அடுக்களையைச் சீர் பண்ணணும்க்கா, சாமான் வைக்க இடமே இல்ல" என்பது. சிலர் ஐயாயிரம் கேட்கிறார்கள். சிலர் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்காக ஐம்பதாயிரம் கேட்கிறார்கள். மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. குறைந்த செலவில் சரக்கறை அமைப்பது நமக்குப் புதுசா என்ன? நம் பாட்டிமார் காசே இல்லாமல் செய்த வேலை அது. அந்தக் கதை தெரிந்தால், நமக்கு எவ்வளவு கடன் தேவை என்பதும் தெரிந்துவிடும்.

மண்ணில் எழுந்த சரக்கறை

விருதுநகர் மாவட்டத்தில் எங்கள் ஊர் வானம் பார்த்த கரிசல் பூமி. வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை. கம்பு, சோளம், குதிரைவாலி எல்லாம் ஒரே தடவையாக வீட்டுக்கு வரும். அதை வைத்துத்தான் அடுத்த வெள்ளாமை வரை ஓட்டணும். அதற்காக வந்தது குலுக்கை. வேறு பக்கங்களில் குதிர் என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வசதியான வீடுகளில் மரப் பத்தாயம்.

எங்கள் ஊரில் குலுக்கையைப் பெண்களே கட்டினார்கள். மண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்து, புளிக்கவைத்து, ஒரு சாண் உயரத்துக்கு வட்டமாகச் சுவர் வைப்பார்கள். அது காய்ந்த பிறகுதான் அடுத்த சுற்று. ஆள் உயரம் வந்ததும் சாணி போட்டு மெழுகுவார்கள். அடியில் கல் கொடுத்துத் தூக்கி வைத்ததால் ஈரம் ஏறாது. மேலே கொட்டுவார்கள், கீழே ஒரு சின்ன ஓட்டை, அதை அடைக்கத் துணிச்சுருள். கொட்டுவது மேலே, எடுப்பது கீழே என்பதால் பழைய தானியம் முதலில் வெளியே வந்துவிடும். என் அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் இன்றைக்குப் பெரிய கிட்டங்கிகளில் 'முதலில் வந்தது முதலில் போகணும்' என்று சொல்லும் கணக்கு அவர் கட்டிய குலுக்கையிலேயே இருந்துச்சு.

பூச்சிக்கு வேப்பிலையும் நொச்சி இலையும் போடுவார்கள். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பார்கள். விதைக்குச் சாம்பல். பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் தயிரும் நெய்யும் உறியில் தொங்கும். உப்புக்கும் புளிக்கும் மண்பானை, ஊறுகாய்க்குச் சாடி, கடுகு சீரகத்துக்கு அஞ்சறைப்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம்.

யார் வீட்டில் இருந்தது?

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. குலுக்கை நிலம் இருந்தவர்கள் வீட்டில்தான் இருந்தது. கூலிக்குப் போனவர்கள் வீட்டில் சேமித்து வைக்க என்ன இருந்துச்சு? அன்றைக்குக் கிடைத்த கூலித் தானியம் அன்றைக்கே உரலுக்குப் போய்விடும். ஒன்றன்மேல் ஒன்றாக நாலு அடுக்குப்பானை, அதிலும் பாதி வெறும் பானை.

நிலம் இருந்த வீட்டிலும், குலுக்கையைக் கட்டிய பெண்ணுக்கே அளக்கும் அதிகாரம் கிடையாது. மாமியாரோ வீட்டுப் பெரியவரோ அளந்து போடணும். எட்டு ஆழாக்கு ஒரு படி. எத்தனை ஆழாக்கு உலைக்கு என்பதை மருமகள் முடிவு பண்ண முடியாது. அவள் கைக்கு எட்டியது பிடி அரிசி மட்டும்தான். அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், வாசலில் வளையல்காரர் வந்தாலும் அதுதான் கை கொடுக்கும். யாரையும் கேட்காமல் ஒரு பெண் சேர்த்த சேமிப்பு அது. நம் குழுவின் மூத்த அக்கா என்று அந்தக் கலயத்தைச் சொல்லலாம்.

ரேஷன் பையும் டப்பாவும்

இரண்டாம் உலகப் போரில், 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பஞ்சத்தைச் சமாளிக்க வந்ததுதான் ரேஷன். 1952-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 1967-ல் அண்ணா ஆட்சியில் 'ரூபாய்க்கு ஒரு படி அரிசி' சென்னையிலும் கோவையிலும் வந்தது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கினார்கள். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைகளுக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது.

இதற்கும் அடுக்களைக்கும் என்ன சம்பந்தம்? இருக்குது. அன்றாடங்காய்ச்சி வீட்டில் ஒரு மாதத்து அரிசி ஒன்றாக வந்து இறங்கியது ரேஷனால்தான். கூலிக்காரப் பெண்ணுக்கும் ஒரு சரக்கறை தேவைப்பட்டது. அவள் அதையும் செலவில்லாமலே செய்தாள். மேல்மூடியை வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் அரிசி, டால்டா டப்பாவில் பருப்பு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீனி. பிறகு எவர்சில்வர் வந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவரிடம் பேரம் பேசியும், பாத்திரச் சீட்டு கட்டியும் ஒவ்வொரு டப்பாவாகச் சேர்த்தாள். பளபளன்னு வரிசையாக அடுக்கிய டப்பா அந்த வீட்டுக்காரியின் உழைப்புக்குச் சாட்சி.

கலயத்திலிருந்து சந்தாவுக்கு

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் வந்தது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு குழுக்களை வங்கியோடு இணைத்தது. எங்கள் ஊரில் குழு ஆரம்பித்த புதிதில், சந்தாவுக்குக் காசு இல்லாதவர்கள் பிடி அரிசி சேர்த்து விற்றுக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கலயத்தில் போட்டதை இன்றைக்குப் பாஸ் புத்தகத்தில் போடுகிறோம். அப்படிச் சேர்ந்த பணத்தை எதற்குக் கடனாக எடுக்கிறோம் என்று யோசிக்கணும் இல்லையா?

இந்த வரலாறு எனக்குச் சொல்வது இதுதான்: சரக்கு வீட்டுக்கு எப்படி வருதோ அதற்குத் தகுந்தபடிதான் நம் பெண்கள் இடம் செய்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் குலுக்கை, மாதம் ஒருமுறை வந்தால் டின். இப்போ ரேஷன் மாதம் ஒருமுறை, மளிகை வாரம் ஒருமுறை. அதற்கு ஐம்பதாயிரம் ரூபாய் அலமாரி எதற்கு?

எங்கள் வீட்டில் போன வருஷம் மருமகளும் நானும் சேர்ந்து செய்ததைச் சொல்கிறேன். சுவர் மூலையில் இரண்டு கடப்பா கல் பதித்தோம். கல், சிமெண்டு, கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். அரிசி டின்னைச் செங்கல் மேல் தூக்கி வைத்தோம். இருந்த டப்பாக்களையே கழுவிக் காயவைத்து, பெயர் எழுதி ஒட்டினோம். தினம் எடுப்பது கண் மட்டத்தில், கனமானது கீழே, எப்போதாவது எடுப்பது மேலே. புதுப் பருப்பு வந்தால் பழசைத் தட்டில் கொட்டி, புதுசை அடியில் போட்டு, பழசை மேலே போடுகிறோம். குலுக்கையின் பாடம்தான். வண்டு வைத்துக் கொட்டுவது நின்றுபோச்சு.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுக்களைக்குக் கடன் கேட்க நினைக்கும் சகோதரிகள், வீட்டில் இருக்கிற டப்பாக்களை முதலில் எண்ணுங்கள். மாதம் எத்தனை கிலோ அரிசி, பருப்பு, மாவு வருது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு கூட்டத்துக்கு வாங்க. எல்லாரும் சேர்ந்து பார்த்து, தேவைக்கு மட்டும் கடன் போடலாம். மிச்சப் பணம் இன்னொரு சகோதரிக்கு ஆட்டுக்குட்டி வாங்கவோ, பிள்ளை படிப்புக்கோ ஆகட்டும்.