பூட் ஆகாத கணினி யாரிடம் பேசுகிறது?

மேசைக் கணினி எழ மறுக்கும்போது அதைச் சரிசெய்ய உட்காருபவருக்கு முதலில் வேண்டியது ஒரே ஒரு தகவல்: எந்த இடத்தில் நின்றுபோனது? மின்சாரம் சரியாக வருகிறதா, ரேம் தென்படுகிறதா, வட்டு பதில் தருகிறதா, வட்டிலிருந்து இயங்குதளத்தின் முதல் துணுக்கு வந்து சேர்ந்ததா என்று படிப்படியாகப் பார்த்துக்கொண்டு போனால் பெரும்பாலான கோளாறுகள் வழியிலேயே பிடிபடும். எங்கே நின்றது என்பது அநேகமாக இயந்திரத்துக்கே தெரியும். அதை வெளியே சொல்வதா, சொன்னால் யாருக்குப் புரியும்படி சொல்வது என்பதைத் தீர்மானிப்பவர் தயாரிப்பாளர். 1981 முதல் இன்றுவரை இந்தத் தீர்மானம் பல முறை மாறியிருக்கிறது. கணினி பழுதுபார்க்கும் தொழில் தழைத்ததற்கும் பின்னர் மெலிந்ததற்கும் இயந்திரங்கள் சிக்கலாகிவிட்டதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம். பிழைச்செய்தி யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று பார்த்தால் மீதிப் பாதி தெரியவரும்.

தொடக்க காலக் கணினிகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு டேவிட் வீலர் எழுதிய 31 ஆணைகள், தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் தேர்விகளில் கம்பிகளாகவே பதிக்கப்பட்டிருந்தன. காகித நாடாவிலிருந்து நிரலைப் படித்து உள்ளே ஏற்றுவது அவற்றின் வேலை. 1975இல் வந்த ஆல்டேர் 8800இல் அந்த ஏற்பாடும் கிடையாது. முகப்பிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தட்டி, ஏற்றும் நிரலை உரிமையாளரே உள்ளிட வேண்டும். எங்கே தவறு நடந்தாலும் அது அவர் கைபட்ட இடம்தான். முன்பலகையின் சிவப்பு விளக்குகளைப் படிக்கத் தெரியாதவர் அந்தக் கணினியை வாங்கியிருக்கவே மாட்டார். சொல்பவரும் கேட்பவரும் ஒருவரே என்பதால் பிழைச்செய்தி என்று ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் வெளியிட்ட பிசி, கணினியை அலுவலக மேசைக்குக் கொண்டுபோனது. அதன் உரிமையாளருக்கு விளக்குகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே பயாஸ் என்ற 8 கிலோபைட் நிரலை அழியா நினைவகத்தில் வைத்தார்கள். பொத்தானை அழுத்தியதும் அது உறுப்புகளைச் சோதித்தது. எல்லாம் சரி என்றால் ஒரு சிறு பீப். கோளாறு என்றால் வேறு விதமான பீப், அல்லது திரையில் ஓர் எண். 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் ஃப்ளாப்பி, பிறகு வந்த எக்ஸ்டியில் 1701 என்றால் ஹார்ட் டிஸ்க். வாங்கியவருக்கு 301 என்பதில் எந்த அர்த்தமும் இல்லை. பழுதுபார்ப்பவரின் கையேட்டில் மட்டும் அதற்குப் பொருள் இருந்தது. வாங்கியவருக்கென்று ஐபிஎம் வேறோர் ஏற்பாடு செய்திருந்தது. ஃப்ளாப்பி இல்லாவிட்டாலும் கணினி சும்மா நிற்காது. 32 கிலோபைட்டில் உள்ளேயே பொதிந்திருந்த பேசிக் மொழிக்குள் போய் ‘ஓகே’ என்று காத்திருக்கும். பிற நிறுவனங்களின் நகல் கணினிகளில் அந்த பேசிக் இல்லை. அதனால் அவற்றில் சில ‘நோ ரோம் பேசிக், சிஸ்டம் ஹால்டட்’ என்று ஒரு வரியைக் காட்டி நின்றுவிடும். ரோம் பேசிக் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டே இராத தலைமுறை அந்த வரியின் முன்னால் விழித்துக்கொண்டு நின்றது. விசைப்பலகையைக் காணவில்லை, தொடர எஃப்1 விசையை அழுத்துங்கள் என்ற புகழ்பெற்ற செய்தியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் ஐபிஎம் செய்த இன்னொரு காரியம்தான் இந்த வரலாற்றைத் திருப்பியது. தொழில்நுட்பக் கையேட்டில் மின்சுற்று வரைபடங்களோடு பயாஸின் மூல நிரலையும் வரிவரியாக அச்சிட்டு விற்றது. நகலெடுத்து விற்கக் காப்புரிமை இடம் தராது. படிக்கத் தடை எதுவும் இல்லை. அந்த நிரலைக் கண்ணால் பார்த்திராத பொறியாளர்களை வைத்து, அது செய்யும் வேலைகளை மட்டும் விவரித்துக் காம்பேக் தனக்கொரு பயாஸை எழுதிக்கொண்டது. பிறகு ஃபீனிக்ஸ் அப்படி எழுதிய பயாஸை எல்லோருக்கும் விற்கத் தொடங்கியது. நகல் கணினிகள் பெருகிய கதை எல்லோரும் அறிந்தது. கணினி எந்த வரிசையில் எழுகிறது என்பது பொதுச் சொத்தாக மாறியதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எந்த நிறுவனத்தின் பலகையானாலும் சோதனை முடிந்ததும் பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டை எடுத்து நினைவகத்தின் ஒரே குறிப்பிட்ட முகவரியில் வைத்து, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கும். டெக்சாஸில் செய்த கணினிக்கும் தைவான் பலகையை வைத்துக் கோத்த கணினிக்கும் இதில் வேறுபாடு இல்லை.

அந்த 512 பைட்டுக்குள் எவ்வளவு பேச முடியும்? ஹார்ட் டிஸ்கின் முதல் துண்டில் 64 பைட் பிரிவினை அட்டவணைக்கும் 2 பைட் அடையாளக் குறிக்கும் போய்விடும். மிஞ்சுவது 446. இயந்திர ஆணைகளும் செய்தியும் அதற்குள்தான் அடங்க வேண்டும் என்பதால் ஒவ்வோர் எழுத்துக்கும் விலை உண்டு. அப்படியிருந்தும் மைக்ரோசாஃப்ட் டாஸின் எஃப்டிஸ்க் எழுதிய அந்தத் துண்டு, மூன்று தனித்தனிச் செய்திகளுக்கு இடம் ஒதுக்கியது: பிரிவினை அட்டவணை செல்லாதது, இயங்குதளத்தை ஏற்றுவதில் பிழை, இயங்குதளத்தைக் காணவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் அவை மூன்று வெவ்வேறு கட்டங்கள். முதலாவது, அட்டவணையே கெட்டுவிட்டது என்கிறது. இரண்டாவது, அட்டவணை சரி, வட்டைப் படிக்க முடியவில்லை என்கிறது. மூன்றாவது, படித்தாயிற்று, படித்த இடத்தில் இருக்க வேண்டியது இல்லை என்கிறது. லினக்ஸ் உலகில் வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ இதைவிடச் சிக்கனம். தன் பெயரையே ஒவ்வொரு எழுத்தாக அச்சிடும். முதல் எல் மட்டும் தெரிந்தால் முதல் கட்டம் இயங்கியது, இரண்டாம் கட்டத்தை எடுக்க முடியவில்லை. எல்லும் ஐயும் தெரிந்தால் இரண்டாம் கட்டம் வந்து சேர்ந்தது, ஓடவில்லை. நான்கு எழுத்தும் முழுமையாக வந்தால் ஏற்றும் வேலை பிழையின்றி முடிந்தது. நான்கே எழுத்தில் ஒரு நோயறி முறை. இடநெருக்கடியிலும் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர்கள் சொன்னார்கள் என்பதற்கு இவையே சாட்சி.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு போன்ற சந்தைகள் இந்தப் பொதுச் சொத்தின் மேல்தான் எழுந்தன. மதர்போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று தனித்தனியாக வாங்கிக் கோத்த ‘அசெம்பிள்டு’ கணினி எழவில்லை என்றால் ஓடிப்போய்க் கேட்க ஒரு தயாரிப்பாளர் இல்லை. கோத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பீப் ஒலிகளை அவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஒரு நெட்டையும் இரண்டு குட்டையும் கேட்டால் அவார்டு பயாஸில் டிஸ்ப்ளே கார்டு. ரேமைக் கழற்றி அதன் பொன்முலாம் பூசிய விளிம்பை ரப்பரால் தேய்த்து மறுபடி பொருத்துவது, நாணய வடிவ சிமாஸ் பேட்டரியை மாற்றுவது, இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துப் பார்ப்பது, 2000களின் தொடக்கத்தில் தரமற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் உப்பி வெடித்தபோது பலகையை ஏறிட்டுப் பார்த்ததுமே கோளாறைச் சொல்வது எல்லாம் பள்ளிப் பாடத்தில் இல்லாத கல்வி. பரிசோதனைக் கார்டு ஒன்றைச் செருகினால் பயாஸ் ஒவ்வொரு படியிலும் வெளியிடும் எண் இரண்டு இலக்கமாக மின்னும். எண் எதில் உறைகிறதோ அதற்குரிய படியில் கோளாறு. 1984இல் ஐபிஎம் ஏடி ஏற்படுத்திய வழக்கத்தை மற்றவர்களும் கடைப்பிடித்ததால்தான் அப்படியொரு கார்டு எல்லாப் பலகைகளுக்கும் பொருந்தியது.

இந்தப் படத்தை மெருகு பூசிக் காட்டுவதாக ஒருவர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம்தான். பழுதுபார்த்தவர்களில் பலர் எதையும் கண்டறியவில்லை, ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்று சொல்லி வாடிக்கையாளரின் புகைப்படங்களையும் கணக்குகளையும் சேர்த்தே அழித்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்ற வரி அழித்து எழுதும் வேலைக்கு எத்தனை ஆயிரம் கணினிகளை அனுப்பியிருக்கும்! அவற்றில் கணிசமானவை வெறும் காலி ஃப்ளாப்பியோ பென் டிரைவோ செருகியபடியே இருந்ததால் நின்றவை, எடுத்துவிட்டால் போதும். மற்றவற்றில் பலவற்றுக்கு நிறுவும் குறுந்தகட்டிலிருந்து இரண்டு கோப்புகளை நகலெடுப்பதே மருந்து. ஆனால் அந்த வரியையே கவனியுங்கள். எந்தக் கோப்பு இல்லை என்கிறது. எந்த வட்டில் தேடியது என்று சொல்லவில்லை. ஃப்ளாப்பியில் தேடினேன் என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் பாதிக் கணினிகள் கடைக்கே வந்திருக்காது. செய்தி அரைகுறையாக இருக்கும்போது கைவினையும் அரைகுறையாகவே முடிகிறது. அந்த ஆட்சேபம் என் வாதத்தை மறுப்பதற்குப் பதில் அதற்குத் துணைநிற்கிறது.

பாதுகாப்பை முன்வைக்கும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. எல்லோருக்கும் தெரிந்த வழியில் திருடனும் வருவான். 1986இல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ் குடிபுகுந்தது ஃப்ளாப்பியின் அந்த முதல் துண்டில்தான். (அதற்குள் தங்கள் கடையின் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்களையும் அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். யாரிடம் பேசுகிறோம் என்று அந்தக் காலத்து வைரஸுக்குக்கூடத் தெரிந்திருந்தது.) 1999 ஏப்ரல் 26 அன்று விழித்த சிஐஎச் வைரஸ் இன்னும் ஆழமாகப் போய்ச் சில பலகைகளின் பயாஸையே அழித்தது. அப்படி அழிந்த கணினியில் திரையே வராது. சில்லை மாற்ற வேண்டும், அல்லது வெளியே எடுத்து மறுபடி எழுத வேண்டும். பயாஸுக்கு மாற்றாக இன்டெல் 1990களில் தொடங்கி, 2005 முதல் பல நிறுவனங்களின் கூட்டமைப்பு வளர்த்த யுஇஎஃப்ஐயின் அங்கமாக, 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய செக்யூர் பூட் இதற்கான பதில். கையொப்பம் சரியாக இருந்தால் மட்டுமே நிரல் ஓடும். இது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கையொப்பத்தைச் சரிபார்ப்பது வேறு, வாயை மூடிக்கொள்வது வேறு. யுஇஎஃப்ஐக்கு 446 பைட் நெருக்கடி கிடையாது. வட்டில் தனிப் பிரிவையே வைத்துக்கொண்டு மெகாபைட் கணக்கில் எழுதலாம். அவ்வளவு இடம் கிடைத்தும் சோதனை வரிகளை மறைத்துக்கொண்டு தயாரிப்பாளரின் சின்னமே திரையை நிரப்புகிறது. விண்டோஸ் 8 வெளிவருவதற்கு முன் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களே ஒரு சிக்கலை விளக்கினார்கள்: கணினி அவ்வளவு விரைவாக எழுவதால் எஃப்8 விசை அழுத்தப்படுகிறதா என்று பார்க்க 200 மில்லி நொடிக்கும் குறைவான நேரமே இருக்கிறது. பழுதுபார்க்கும் பட்டியலைக் கேட்டு வாங்கும் வழக்கமான வழி அப்படி அடைபட்டது. தொடர்ந்து தோற்றால் இயங்குதளம் தானே அந்தப் பட்டியலைக் கொண்டுவரும் என்று மாற்று ஏற்பாடு செய்தார்கள். அது பெரும்பாலும் வேலை செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாதாரண மனிதருக்கு எண்களும் குறிகளும் எதற்கு, பயமுறுத்தத்தானே என்பார்கள். 1984இலேயே ஆப்பிள் இதற்கு ஒரு வழி காட்டியிருந்தது. எழாத மெக்கின்டாஷில் சோகமுகச் சித்திரம் தெரியும், அதன் அடியில் எண்கள் இருக்கும். முகம் உரிமையாளருக்கு, எண் பழுதுபார்ப்பவருக்கு. விண்டோஸ் 8 நீலத் திரையில் சோகமுகத்தைப் போட்டபோது முந்தைய திரையின் நெடிய எண் வரிசைகளைத் துடைத்துவிட்டுச் சிறு எழுத்தில் ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தது. அந்த ஒரு வரியின் மதிப்பு 2024 ஜூலை 19 அன்று தெரிந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்து எழுந்து மறுபடி விழுந்தன. திரையின் அடியில் குற்றவாளியான டிரைவர் கோப்பின் பெயர் இருந்ததால், எது காரணம் என்று உலகம் வெகு விரைவில் கண்டுகொண்டது. மருந்தும் எளிது: சேஃப் மோடில் எழுப்பி, குறிப்பிட்ட ஒரு கோப்பை நீக்க வேண்டும். நீக்கப் போனவர்கள் பலர், வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் கேட்ட 48 இலக்க மீட்புச் சாவியின் முன்னால் நின்றார்கள். சாவி இருந்த சேமிப்பகமும் விழுந்து கிடந்த அலுவலகங்கள் உண்டு. விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆட்கள் ஒவ்வொரு மேசையாகப் போக வேண்டியிருந்தது.

இன்று கடையில் பாகமாக வாங்கும் மதர்போர்டுகள் பலவற்றின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன; எழாதபோது எது எரிந்து நிற்கிறதோ அங்கே கோளாறு. கோப்பவர்தான் வாங்குகிறார் என்பதால் பலகை அவரோடு பேசுகிறது. முழுதாகக் கட்டி விற்கப்படும் அலுவலகக் கணினியில் அநேகமாகப் பொத்தானின் விளக்கு மட்டும் ஏதோ ஒரு கணக்கில் கண்சிமிட்டும். 2024 விபத்துக்குப் பின் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த மாற்றங்கள் இரு திசைகளிலும் போகின்றன. 2025இல் நீலத் திரை கறுப்பானது, சோகமுகம் போயிற்று, பிழைக் குறியும் பழுதான டிரைவரின் பெயரும் திரையில் இருக்கின்றன. அதே ஆண்டு வந்த விரைவு மீட்பு வசதியில், எழாத கணினி தானே வலையமைப்பில் இணைந்து மைக்ரோசாஃப்டிடம் முறையிட்டு மருந்தை வாங்கிப் போட்டுக்கொள்கிறது. வீட்டுப் பதிப்பில் இந்த வசதி முதலிலிருந்தே இயங்கும் நிலையில் இருக்கிறது. நிறுவனங்களுக்கான பதிப்புகளில் அதை இயக்குவதா வேண்டாமா என்பதை நிர்வாகிகளின் முடிவுக்கு விட்டிருக்கிறார்கள்.