கேட்கும், பேசாது: வி.எச்.எஃப். செட்டின் ஒருபக்கப் பழுது

படகில் பொருத்திய வி.எச்.எஃப். ஒயர்லெஸ் செட்டில் மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. பட்டனை அழுத்திப் பேசினால் மறுபக்கம் யாருக்கும் கேட்பதில்லை. கடல் ஒயர்லெஸ்ஸில் இது பழகிய பழுது. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் போன்ற உப்புக்காற்றுக் கரையில் இதன் வேர் பெரும்பாலும் செட்டுக்குள் இருப்பதில்லை. பேட்டரி முனை, பியூஸ், கேபிள் இணைப்பு, மைக் செருகி ஆகிய வெளி உறுப்புகளில்தான் இருக்கும். செட்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால் மேசையில் நன்றாகப் பேசுவதும், திரும்பப் படகில் மாட்டியதும் ஊமையாவதும் இதற்கு முதல் சான்று. மேசையில் மின்சாரமும் ஆன்டெனாவும் சுத்தமானவை, படகில் அப்படியில்லை.

"பேட்டரியும் அதேதான், ஆன்டெனாவும் அதேதான், கேட்கிறதென்றால் அவை நன்றாக இருப்பதாகத்தானே பொருள்?" என்பது வழக்கமான மறுப்பு. கேட்பதற்கும் பேசுவதற்கும் தேவைப்படும் அளவுகளைப் பார்த்தால் இது நிற்காது. கேட்கும்போது ஒரு நல்ல செட்டுக்கு ஆன்டெனா வழியே கால் மைக்ரோவோல்ட் அளவுக்குச் சைகை வந்தாலே போதும்; பேட்டரியிலிருந்து அது இழுப்பது அரை ஆம்பியருக்குள்தான். அதே செட் 25 வாட்டில் பேசும்போது 50 ஓம் கேபிளில் சுமார் 35 வோல்ட்டை ஏற்றுகிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 14 கோடி மடங்கு வித்தியாசம். பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டமும் 5, 6 ஆம்பியராக உயர்கிறது. ஆகவே கேட்கிறது என்பதை வைத்துப் பேசும் என்று முடிவு கட்ட இடமில்லை.

இந்த இடைவெளிக்குள்தான் உப்பு வேலை செய்கிறது. பழியை மரக்காணத்து உப்பளத்தின்மேல் போடுவது எளிது, ஆனால் பாத்தியில் கிடக்கும் உப்பைவிட, அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளே படகுக்கு உப்பைக் கொண்டுவருகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் படிந்த உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கரையில் இரவு நேரத்தில் இது சாதாரணம். அந்தக் கரைசல் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பை ஏற்றுகிறது. களிம்பேறிய ஓர் இணைப்பின் மின்தடை 0.3 ஓம் என்று கொள்வோம். கேட்கும்போது 0.4 ஆம்பியருக்கு அங்கே 0.12 வோல்ட்தான் குறையும், எவருக்கும் தெரியாது. பேசும்போது 6 ஆம்பியருக்கு 1.8 வோல்ட் குறையும். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தாலும் செட்டுக்குக் கிடைப்பது 10.8 மட்டுமே. 13.8 வோல்ட்டில் 15 விழுக்காடு ஏற்ற இறக்கத்துக்குள் இயங்கும்படி அமைந்த செட்டுக்கு 11.7 வோல்ட்டாவது வேண்டும். திரை மங்கும், சில செட்டுகள் அணைந்து மறுபடி எழும். மல்டிமீட்டரில் 12.6 காட்டுகிறதே என்று சொல்பவர் பட்டனை அழுத்தாமல் அளந்திருப்பார். அளக்க வேண்டிய இடம் செட்டின் பின்பக்கச் செருகி. அளக்க வேண்டிய நேரம் பட்டன் அழுந்தியிருக்கும்போது.

ஆன்டெனாவைப் பற்றிய மறுப்பு இன்னும் வலுவானது. கேபிளில் ஏற்படும் இழப்பு இருதிசையிலும் ஒன்றுதான். ஒன்று கெட்டால் மற்றதும் கெட வேண்டும். இயற்பியல்படி இது சரி. ஆனால் காதுக்கு அப்படித் தெரிவதில்லை. கேபிளின் வலைக்கம்பிக்குள் உப்புநீர் இறங்கிப் பத்தில் ஒன்பது பங்கு ஆற்றல் வீணானால் 25 வாட் 2.5 வாட்டாகிவிடும். உயர்ந்த கோபுரத்திலிருந்து வரும் கரை நிலையத்தின் சைகையோ அத்தனை இழப்புக்குப் பிறகும் தேவைக்கு மிஞ்சியே இருக்கும். பண்பலைச் செட்டில் சைகை ஓர் எல்லைக்கு மேல் இருக்கும்வரை ஒலியின் அளவு குறைவதுமில்லை. கேபிள் அறுந்தோ இணைப்பு விட்டுப்போயோ இருந்தால் வெளியே போக வேண்டிய ஆற்றல் திரும்பி வரும். பல செட்டுகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் காப்பு இல்லாத செட்டில் இறுதி டிரான்சிஸ்டர் எரியும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பட்டனை அழுத்திப் பார்ப்பது இதனால்தான் ஆபத்து.

மைக்கின் சுருள் கம்பி உள்ளுக்குள் அறுவதும், பட்டனின் தொடுமுனை அரிபடுவதும் தனி வகை. பட்டனை அழுத்தியும் திரையில் ஒலிபரப்புக் குறி எரியவில்லையென்றால் முதலில் மைக்கையும், அடுத்துச் சேனலையும் பார்க்க வேண்டும். வானிலைச் சேனல்கள் கேட்க மட்டுமே. குறி எரிகிறது, மறுபடகில் இரைச்சலும் அடங்குகிறது, குரல் மட்டும் வரவில்லையென்றால் மைக்கின் ஒலிவாங்கி போயிருக்கலாம். பழுதே இல்லாமலும் பேசாது: 26ஆம் சேனல் போன்ற இரட்டை அலைவரிசையில் படகு 157.300 மெகாஹெர்ட்ஸில் பேசி 161.900இல் கேட்கும், எனவே இரு படகுகள் அதில் ஒன்றையொன்று கேட்க முடியாது. 1 வாட் நிலையில் விட்டுவிட்டு மாற்ற மறப்பதும் உண்டு.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். கோபுர எல்லையைத் தாண்டினால் கைப்பேசி பயன்படாது, எல்லைக்குள்ளும் அது ஒருவரோடுதான் பேசும். 16ஆம் சேனலில் எழுப்பும் குரலைச் சுற்றியுள்ள எல்லாப் படகும் கேட்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது நெடுந்தொலைவு சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்குச் செய்தி சேர்க்க வழியில்லாமல் போயிற்று. 2019இல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைக் கொண்டுசேர்த்தது. ஆனால் அது வாங்க மட்டுமே தெரிந்த கருவி. எதிர்த்திசையில், இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி அனுப்ப மட்டுமே தெரிந்ததாக இருந்தது. 2024 ஜனவரியில் செயல்பாட்டுக்கு வந்த அதன் இரண்டாம் தலைமுறைக் கருவிதான் 'உன் செய்தி கிடைத்தது' என்ற பதிலையும் படகுக்குத் திருப்பி அனுப்பியது. ஒருபக்கத் தொடர்பு போதும் என்றால் அந்தத் திருத்தத்துக்கே தேவை இருந்திருக்காது. வடகிழக்குப் பருவமழையில் கரையேற்றிய படகில் செட் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும், களிம்பும் ஏறும். 2020இன் நிவரும் 2024இன் ஃபெஞ்சலும் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது அந்தப் பருவத்தின் நவம்பரில்தான். எனவே படகை இறக்கும் முன், 16 அல்லாத ஒரு சேனலில் தொலைவிலுள்ள ஒரு படகோடு பேசிப் பதில் வாங்குவதே செட்டுக்குச் சரியான சோதனை.

சிவப்பு ஆபத்துப் பொத்தான் உள்ள செட்டுகளில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. அந்தப் பொத்தான் 70ஆம் சேனலில் அனுப்பும் எண்முறை அழைப்பும் அதே டிரான்சிஸ்டர், அதே பேட்டரி, அதே ஆன்டெனா வழியாகவே போகிறது. அவற்றில் பழுதென்றால் அதுவும் போகாது. மைக் மட்டுமே பழுதென்றால் போகும். சோதனை அழைப்பு வசதியுள்ள செட்டில் அதை அனுப்பிப் பார்த்தால் பழுது எந்தப் பக்கம் என்பது பிரிந்துவிடும். நடுக்கடலில் குரல் எழும்பாத செட்டையும் உடனே கைவிட வேண்டியதில்லை. உண்மையான ஆபத்தில் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.