ஒப்புநோக்கத் தக்கவர் யாவர்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முதுமொழி. ஒரே நெருப்பில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். மக்கட் கூட்டமோ அத்தகையதன்று. உடலிற் சேர்ந்த நஞ்சை அளக்குமிடத்து, யாரைத் தெரிந்தெடுத்தோம் என்பதே முடிபை நிர்ணயிக்கும். இதற்கு ஈயத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

1923ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஈயம் கலந்த பெற்றோல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டில் நியூ ஜேர்சியில் அந்த ஈயச் சேர்வையை ஆக்கிய தொழிலாளர் ஐவர் நஞ்சேறி மாண்டனர். மக்கள் அஞ்சினர், அரசு நிபுணர் குழுவொன்றை நியமித்தது. அக்குழு ஒகையோ மாநிலத்தில் சாரதிகள், கராச்சுத் தொழிலாளர் முதலிய 252 பேரைச் சோதித்தது. ஈயப் பெற்றோலோடு தொடர்பில்லாதவரிடத்தும் ஈயம் காணப்பட்டது. அதனைத் தடைசெய்யத் தக்க காரணம் இல்லையெனக் குழு 1926இல் அறிவித்தது. எனினும், நெடுங்காலப் பயன்பாட்டில் தீங்கு தோன்றலாம் என்றும் எச்சரித்தது.

பின்னர் ரொபேட் கீஹோ என்னும் வைத்தியர், தொழிற்சாலைகளுக்குத் தொலைவான மெக்சிக்கோக் கிராமமொன்றை 1930களில் ஆராய்ந்தார். இவரது ஆய்வுக்குப் பொருள் உதவியது ஈயப் பெற்றோல் தொழிற்றுறையே. கிராமத்தவர் உடலிலும் ஈயம் இருந்தது. ஆகவே, அது மனிதருக்கு இயற்கையானதென அவர் வாதித்தார். அம்மக்களோ ஈய மெருகூட்டிய மட்பாண்டங்களிற் சமைத்து உண்டவர்கள்! தூயவரெனக் கொள்ளப்பட்டவர் தூயவரல்லர். இத்தகைய பிழையை எண்ணிக்கை திருத்தாது. அவ்வாறான ஆயிரம்பேரை அளந்தாலும் அதே பிழையே ஆயிரமுறை பதிவாகும்.

இதனைத் தெளிவாக்கியவர் கிளெயர் பற்றர்சன். பூமியின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டுகள் எனக் கணித்த விஞ்ஞானி இவரே. அவ்வாய்வின்போது தம் ஆய்வுகூடத்தின் காற்றும் தூசியும் மாதிரிகளில் ஈயத்தைச் சேர்ப்பதைக் கண்டு, தூய ஆய்வுகூடம் அமைத்தார். எங்கும் காணப்படுவது வேறு, இயற்கையானது வேறு என 1965இல் எழுதினார். 1979இல் அவரும் துணைவரும் வெளியிட்ட ஆய்வில், பண்டைப் பெரு நாட்டவரின் எலும்புகளில் இருந்ததிலும் பன்னூறு மடங்கு ஈயம் இக்கால அமெரிக்கர் எலும்புகளில் இருந்தமை புலனாயிற்று.

அமெரிக்காவில் 1976 முதல் 1980 வரை நாடளாவிய முறையில் மக்களின் குருதி சோதிக்கப்பட்டது. பெற்றோலில் ஈயம் குறையக் குறைய, குருதியிலும் ஏறத்தாழ 37 வீதம் குறைந்தது. உலகில் மோட்டார் வாகனங்களுக்கான ஈயப் பெற்றோல் விற்பனை 2021இல் அல்ஜீரியாவோடு முடிவுற்றது.

ஒரு கிராமத்தைப் பிழையாக ஒப்புநோக்கியதன் விலையை இரண்டு தலைமுறைக் குழந்தைகளின் மூளை செலுத்திற்று. ஆதலின், நஞ்சினால் தீங்கில்லை என்று எவரேனும் கூறுமிடத்து, எவரோடு ஒப்பிட்டீர் என நாம் முதலிற் கேட்டல் வேண்டும்.