கோபால்ட் அணைவுகளில் நிறமும் காந்தமும்

எண்முகி வடிவில் அமைந்த உயர் சுழற்சிக் கோபால்ட்(II) அயனியில் தனித்த எலக்ட்ரான்கள் மூன்று. அவற்றின் தற்சுழற்சியை மட்டும் கணக்கில் கொண்டால் காந்தத் திருப்புத்திறன் 3.87 போர் மேக்னட்டான் வரவேண்டும். கூய் தராசில் நிறுத்தால் பெரும்பாலும் 4.7 முதல் 5.2 வரை வருகிறது. இந்த மிகுதியை நிறுத்தவர் பிழை என்று தள்ளிவிட முடியாது. எலக்ட்ரான் தன் ஆர்பிட்டாலில் இயங்குவதாலும் காந்தத்தன்மை பிறக்கிறது. எண்முகிச் சூழலில் அந்தப் பங்கு அழியாமல் நிற்கிறது.

அதே அயனி நீரில் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் கருநீலமாகும். ஆறு நீர் மூலக்கூறுகள் இருந்த இடத்தில் நான்கு குளோரைடுகள் வந்து நான்முகி உருவாகிவிட்டது. ஒளி உறிஞ்சும் வலிமை ஏறக்குறைய நூறு மடங்கு கூடுகிறது. காந்தத் திருப்புத்திறனோ 4.4–4.8 அளவுக்கு இறங்குகிறது. இரண்டு மாற்றங்களுக்கும் காரணம் ஒன்றே: d எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்களை ஈனிகள் பிரித்துவைக்கும் முறை. நிறத்தை ஒரு பாடமாகவும் காந்தத்தை வேறொரு பாடமாகவும் நடத்துவது கோபால்ட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் காந்தத்தன்மை திசைக்குத் திசை மாறுவதை நுட்பமாக அளந்தவர்களுள் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் முதன்மையானவர். 1930களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் கையாண்ட முறை எளிமையானது. சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்சு இழையில் கட்டிக் காந்த முனைகளுக்கிடையே தொங்கவிட்டு, அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளந்தார். கோபால்ட் இரட்டைச் சல்பேட்டுகளும் அவர் ஆராய்ந்த படிகங்களில் அடங்கும்.

இனி, ஒன்றுக்கு மேற்பட்ட உலோக அயனிகள் ஒரே மூலக்கூறில் கூடும்போது நிகழ்வதைப் பார்ப்போம். வரலாற்றுப்படி முதலில் நிற்பது ஹெக்சால். நடுவே ஒரு கோபால்ட். அதைச் சுற்றி ஆறு ஹைட்ராக்சைடு பாலங்கள். அப்பாலங்கள் வழியே மூன்று கோபால்ட்டுகள், ஒவ்வொன்றிலும் நான்கு அம்மோனியா. கார்பன் அணு ஒன்றுகூட இல்லை. இதன் உப்புகளை முதலில் தயாரித்தவர் டென்மார்க்கின் யோர்கென்சன். 1911இல் சூரிச்சில் ஆல்பிரட் வெர்னரும் விக்டர் கிங்கும் ஒரு கோபால்ட் அணைவை வலஞ்சுழி, இடஞ்சுழி என்று பிரித்துக் காட்டியபோது, அதிலுள்ள எத்திலீன்டைஅமீனின் கார்பன்தான் ஒளியைச் சுழற்றுகிறதோ என்ற ஐயம் எழுந்தது. 1914இல் வெர்னர் ஹெக்சாலையே பிரித்தார்; அதற்கு உதவியது கற்பூரத்திலிருந்து பெறப்பட்ட ஓர் அமிலம். நோபல் பரிசு பெற்ற மறு ஆண்டில் வந்த சான்று இது. ஒளியைச் சுழற்றக் கார்பன் தேவையில்லை, அமைப்பே போதும் என்று நிலைநாட்டியது. ஹெக்சாலின் நான்கு கோபால்ட்டும் குறை சுழற்சி மூவிணைதிற அயனிகள் என்பதால் தனித்த எலக்ட்ரான் ஏதும் இல்லை.

இதைவிட நுட்பமான பாடம் இரு கோபால்ட் அணைவுகளில் இருக்கிறது. கோபால்ட்(II) உப்பின் அடர் அம்மோனியாக் கரைசலில் காற்றைச் செலுத்தினால் பழுப்பு நிறம் ஏறும். பக்கத்துக்கு ஐந்து அம்மோனியா கொண்ட இரு கோபால்ட்டுகளுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு பெராக்சைடாக மாறிப் பாலமாகிவிட்டது. இது டயா காந்தத்தன்மை உடையது. பெர்சல்பேட் கொண்டு ஓர் எலக்ட்ரானை நீக்கினால் பச்சை அணைவு கிடைக்கும்; அது பாரா காந்தத்தன்மை உடையது. தனித்த எலக்ட்ரான் ஒன்று. அது எங்கே இருக்கிறது? ஒரு கோபால்ட் நாலிணைதிறன் பெற்றுவிட்டது என்றார் வெர்னர். விடை எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு நிறமாலையிலிருந்து வந்தது. கோபால்ட் அணுக்கருவின் சுழற்சி எண் 7/2. எலக்ட்ரான் ஒரே கோபால்ட்டிடம் இருந்தால் 8 கோடுகள் தோன்ற வேண்டும். இரண்டோடும் சமமாக உறவாடினால் 15. தோன்றியவை 15. கோடுகளின் இடைவெளியும் சிறியது. எனவே எலக்ட்ரான் பெரும்பாலும் ஆக்சிஜன் பாலத்தின் மேலேயே இருக்கிறது. ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பு 1.47 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.31க்குக் குறுகியதும் அதையே சொல்கிறது. வெர்னரைப் போன்ற மேதையின் ஊகத்தையும் திருத்தும் வலிமை பதினைந்து கோடுகளுக்கு இருந்தது.

நிறமும் காந்தமும் ஒன்றையொன்று ஆளவே செய்யும் என்பதற்கு 1996 ஒரு திருப்புமுனை. பிரஷ்ய நீலத்தின் உறவான கோபால்ட்–இரும்பு சயனைடு ஒன்றை டோக்கியோவில் சாட்டோ, ஹஷிமோட்டோ, ஃபுஜிஷிமா ஆகியோர் 5 கெல்வினுக்குக் குளிர்வித்துச் சிவப்பு ஒளி பாய்ச்சினார்கள். சயனைடு பாலத்தின் வழியே இரும்பு(II)இலிருந்து கோபால்ட்(III)க்கு ஓர் எலக்ட்ரான் தாவியது. தனித்த எலக்ட்ரானே இல்லாதிருந்த இணையில், இரும்பில் ஒன்றும் கோபால்ட்டில் மூன்றும் தோன்றின. காந்த ஒழுங்கு தோன்றும் வெப்பநிலை 16 கெல்வினிலிருந்து 19க்கு உயர்ந்தது. நீல ஒளி அதைக் குறைத்தது; 150 கெல்வின் வரை சூடாக்கியதும் பழைய நிலை திரும்பியது. விளக்கை அணைத்த பின்னும் காந்தம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. எலக்ட்ரானைப் பெற்ற கோபால்ட் பருத்து, கோபால்ட்–நைட்ரஜன் பிணைப்பு 0.2 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நீள்கிறது. தாழ் வெப்பத்தில் அது மறுபடி சுருங்க ஆற்றல் போதாது. படிகத்தில் ஆங்காங்கே உள்ள காலியிடங்கள்தான் இந்த நீட்சிக்கு இடம் கொடுக்கின்றன என்று பாரிஸில் வெர்டாகேர் குழுவினர் விளக்கினர்.

பின்னர் இதே பண்பைத் தனி மூலக்கூறுகளிலும் கண்டார்கள். அமெரிக்காவில் டன்பார் குழுவினர் 2004இல் வெளியிட்ட, மூன்று கோபால்ட்டும் இரண்டு இரும்பும் கொண்ட சயனைடு அணைவு அவற்றுள் ஒன்று.

இம்மலரை வாசிக்கும் வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதுகலை ஆய்வகத்தில் மேற்சொன்ன பழுப்பு உப்பையும் பச்சை உப்பையும் மாணவர்கள் தாமே தயாரிக்கட்டும். ஒரே மாதிரியைக் கூய் தராசிலும் நிறமாலைமானியிலும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும். பச்சை உப்பு சுமார் 670 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும், காந்தப் புலத்தில் எடையும் கூடும். பழுப்பு உப்பில் இரண்டும் இரா.