காஞ்சிபுரம் மாவட்ட நூலக ஆணைக்குழு

உத்திரமேரூர் உள்ளிட்ட காஞ்சிபுரம் மாவட்டப் பொது நூலகங்களை நிர்வகிக்கும் அமைப்பு. சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதனின் முயற்சியால் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமே இதற்கு அடிப்படை. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் அதுதான். சென்னை மாநகருக்குத் தனி ஆணைக்குழு உண்டு.

பணம் வரும் வழி எளிது. வந்து சேர்வதுதான் சிக்கல். வீட்டுவரியுடன் நூலக வரியையும் உள்ளாட்சிகள் வசூலித்து ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். உத்திரமேரூர்ப் பேரூராட்சியும் இதற்கு விலக்கல்ல. நூலகம் பக்கமே போகாதவரும் இவ்வரியைக் கட்டுகிறார், அது நியாயமே. அன்றாட நிர்வாகம் மாவட்ட நூலக அலுவலர் பொறுப்பு. மேற்பார்வை பொது நூலக இயக்ககத்துக்கு.

உத்திரமேரூரில் உள்ள பராந்தக சோழன் காலக் குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகளில் ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியங்கள் உண்டு, நூலகத்துக்கு இல்லை.